நிர்வாகிகள் மட்டும்

இரவு பதினொன்று நாற்பது.
சாட்ஸ்வொர்த்தில் ஆறாம் நாளாகக் குழாய்
வெறும் காற்றை இருமுகிறது.
இருநூற்றுப் பதினேழு பேர்
என் உள்ளங்கையில் விழித்திருக்கிறார்கள்,
பேச முடியாமல்.
பேச முடியாமல் செய்தது நான்.

தண்ணீர் லாரி எங்கே நிற்கிறது என்று சொல்ல,
அதற்கு மட்டும்,
லோகன் கோவிந்தர் தொடங்கிய குழு.
ஆள் போய் ஒன்றரை ஆண்டு ஆகிறது. எண் போகவில்லை.
தொடங்கியவரை யாராலும் நீக்க முடியாதாம்;
கருமாதி முடிந்த மறுவாரம்
நானே ஒருமுறை அழுத்திப் பார்த்தேன்.
பட்டியலின் உச்சியில் இன்னும் அவர்,
ஷாட் மீனைத் தூக்கிப் பிடித்த படம்,
பக்கத்தில் பச்சை எழுத்தில்: நிர்வாகி.

அடுத்த பச்சை என்னுடையது.
மருந்துக்கடைக் கல்லாவில் பகலெல்லாம்
கைபேசியைத் தொடக் கூடாது;
நீயும் பார்த்துக்கொள் என்று
பிரகாசனுக்கும் ஒன்று கொடுத்தேன்.
நாலே நிமிடம்.
என்னை இறக்கிவிட்டான்.
வரம் வாங்கிய கை முதலில் தேடுவது
கொடுத்த தலையைத்தான் என்று
கோயில் மேடையில் எத்தனை கூத்தில் பார்த்தவள்,
அன்றைக்கு நினைவு வரவில்லை.
கோகிலாம்பாள் தன் புருஷனின் கைபேசிக்கு
இன்றும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள்;
அதனால் பிழைத்தேன்.
செத்தவரின் அதிகாரத்தில், அவர் பெண்டாட்டியின் விரலில்,
நான் ஏறினேன், பிரகாசன் இறங்கினான்.

ஆனால் பூட்டியது அதற்காக இல்லை.
காலை வணக்க ரோஜாக்களுக்காகவும் இல்லை.

ஒரு மாலை யாரோ ஒரு படம் போட்டார்கள்:
பஸ் நிறுத்தத்தில் ஒரு பையன், முதுகில் பை.
'இவனைத் தெரியுமா?'
'தெரியாது.'
'தெரியாது.'
'வண்டி எடுக்கிறேன்.'
தெரியாது என்ற சொல் முப்பது முறை வந்தால்
அது வேறொரு சொல்.
மூன்று கார்கள் கிளம்பின.
ரொட்டிக்கடையில் மாவு பிசைகிற லுங்கா அவன்;
கடைக்காரர் ஏப்ரனோடு ஓடிப்போய் நடுவில் நின்றதால்
உதடு கிழிந்ததோடு போயிற்று.

படத்தை அழித்தேன், அனைவருக்குமாக.
பிறகு அமைப்புகள், அனுமதிகள்,
செய்தி அனுப்பலாம்: நிர்வாகிகள் மட்டும்.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.
சொல்ல வெட்கம்தான்.

அதே வாரம் வந்த விண்ணப்பம்
இன்னும் நிற்கிறது:
ஒப்புதலுக்குக் காத்திருப்பவர், ஒருவர்.
தண்டேகா. லுங்காவின் சித்தி.
சரிவின் அடியில், லாரி முதலில் நிற்கும் முனையில் வீடு.
குழுவில் பேச முடியாதவர்கள்
தனித்தனியே என் காதில் பேசினார்கள்:
'அவங்களுக்கு எதுக்கு நம்ம குரூப்பு?'
நான் மறுக்கவில்லை. ஏற்கவுமில்லை.
நாற்பத்தொரு நாள்
விரல் நடுவில் நின்றது.

இப்போது அவளே எழுதுகிறாள், எனக்கு மட்டும்:
லாரி இங்கே நிற்கிறது. டிரைவர் கேட்கிறார்,
மேலே யாராவது விழித்திருக்கிறார்களா?

என் பெயரில் அதை அனுப்பிவிடலாம். எளிது.
அவளைச் சேர்த்துக்கொண்டாலோ
வாசிக்கத்தான் முடியும்,
பூட்டு என் பூட்டு.
திறந்தால் எல்லோருக்கும் திறக்கும்,
வண்டி எடுத்தவர்களுக்கும்.

ஒப்புதல், அழுத்தினேன்.
அவள் பெயரின்மேல் விரலை எடுக்காமல் வைத்திருந்து,
நிர்வாகி ஆக்கு.
பிறகு என் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாவது பச்சை எழுதியது ஒரே சொல்:
அமான்சி.
தண்ணீர் என்று இந்த மலையில்
யாருக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வொரு ஜன்னலாக விளக்கு.
வாளிகள் ஒன்றோடொன்று இடிக்கின்றன.
திரையின் மேல்விளிம்பில்
லோகன் கோவிந்தர் எழுதிக்கொண்டிருக்கிறார்…

என்ன என்று பார்க்க நிற்கவில்லை.
இரண்டு வாளி, ஒரு பெயின்ட் டப்பா,
செருப்பில் ஒன்று கிடைக்கவில்லை.